காலணா செலவில்லாமல் பேர் எடுப்பது எப்படி? 950 வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டது திருமுக்கூடல் சுவர்!

திருமுக்கூடல்:

"கடை வைத்தாச்சு. சரக்கும் நல்ல சரக்கு. ஆனால் விளம்பரம் செய்யக் கையில் தம்பிடி கிடையாது!"

இப்படிப் புலம்பாத சின்ன வியாபாரி உண்டா?

அவருக்கு வழி சொல்லப் பெரிய கம்பெனி அதிகாரி வேண்டாம். மஞ்சப்பை சொல்லும். குப்பையில் கிடக்கிற ஷாம்பு கவர் சொல்லும். காஞ்சிபுரத்துக் கோயில் இட்லி சொல்லும். ஏன், பாலாற்றங்கரையில் இருக்கும் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரே சொல்லும்!

நடமாடும் போர்டு

முதலில் மஞ்சப்பை.

ஜவுளிக் கடையில் துணி எடுத்தால் ஒரு மஞ்சப்பை தருவார்கள். அதில் கடை பேரும் தெருப் பேரும் அச்சடித்திருக்கும். கல்யாண வீட்டில் கொடுக்கும் தாம்பூலப் பையில் மாப்பிள்ளை, பெண் பேர் இருக்கும்.

அந்தப் பை வீட்டில் சும்மா கிடக்குமா? ரேஷன் கடைக்குப் போகும். கோர்ட்டுக்குப் பத்திரம் சுமக்கும். பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து ஊர் சுற்றும். பக்கத்து சீட்காரர் பேச்சுத் துணை இல்லாமல் கடை பேரை நாலு தடவை படிப்பார்.

சுவரில் ஒட்டுகிற போஸ்டர் ஒரு மழைக்குத் தாங்காது. பையோ கிழிகிற வரைக்கும் உழைக்கும்.

நடுவில் பிளாஸ்டிக் கவர் வந்தது. மஞ்சப்பை தூக்கியவரைப் 'பட்டிக்காட்டான்' என்று கேலி பேசினார்கள். கடைசியில் என்ன ஆச்சு? ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பர் 23-ந் தேதி "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை அரசே தொடங்கியது.

வாங்குகிறவருக்கு உபயோகமான பொருளில் உங்கள் பேரைப் போடுங்கள். அவரே சுமந்து திரிவார். இது முதல் பாடம்.

குப்பைக்குக் கிராக்கி!

அடுத்தது ஷாம்பு கவர்.

1983-ல் கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் வெறும் 15 ஆயிரம் ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். அப்பா சின்னி கிருஷ்ணன் பேரைச் சுருக்கி 'சிக்' ஷாம்பு என்று பேர் வைத்தார். எதிரில் நின்றதெல்லாம் பெரிய பெரிய கம்பெனிகள்.

ரங்கநாதன் ஒரு காரியம் செய்தார். எந்தக் கம்பெனி ஷாம்பாக இருந்தாலும் சரி, 5 காலி கவர் கொடுத்தால் ஒரு 'சிக்' கவர் இனாம் என்று அறிவித்தார். கொஞ்ச நாள் கழித்து, 'சிக்' காலி கவருக்கு மட்டும்தான் இனாம் என்று மாற்றினார். மாசம் 35 ஆயிரம் ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு எகிறியது. இது அவரே பிற்பாடு சொன்ன கணக்கு.

கிராமங்களில் பையன்களை உட்கார வைத்து, எல்லோரும் பார்க்கத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். "தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க" என்றார்கள். பேச்சைவிட மூக்கை நம்புகிறவர்கள் நம் ஜனங்கள்!

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியும் இதே ரகம்தான். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேக வைப்பார்கள். அதற்கு ஏது போர்டு? மணமும் வடிவமுமே போர்டு. ஒரு தடவை தின்றவர் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்.

பேரைத் திருடும் ஆசாமிகள்

ஆனால் ஒன்று. பேர் எடுப்பது பாதி வேலைதான். எடுத்த பேரைக் காப்பாற்றுவது மீதிப் பாதி.

காஞ்சிபுரத்தில் வெளியூர்க்காரர்கள் கோயில் வாசலில் வண்டியை விட்டு இறங்கினால் போதும். "சார், காஞ்சிபுரம் பட்டு... தறி விலைக்கே வாங்கலாம், வாங்க!" என்று புரோக்கர்கள் சூழ்ந்துகொள்வார்கள். விசைத்தறிச் சேலையையும் கலப்பு நூல் சேலையையும் அசல் பட்டு என்று தலையில் கட்டும் கில்லாடிகள் உண்டு. ஏமாந்தவர் ஊருக்குப் போய்த் திட்டுவது அந்தக் கில்லாடியை அல்ல, காஞ்சிபுரத்தை!

பட்டினி கிடப்பது யார்? நாள்கணக்கில் தறிக் குழியில் கால் போட்டு உட்கார்ந்து நெய்த நெசவாளி.

அசல் சேலைக்கு ஓர் அடையாளம் உண்டு. அதற்குப் பேர் 'கோர்வை'. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட்டி, இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வார்கள். பெரும்பாலும் இதற்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த இணைப்புதான் நெசவாளி போட்ட கையெழுத்து. விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை, தொழிலே முத்திரை!

சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. பட்டு அசல்தானா என்று காட்டும் 'சில்க் மார்க்' முத்திரை 2004-ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-ல் கிடைத்தது. ஆனாலும் முத்திரையைக் கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்?

சுவரில் எழுதிய கணக்கு

இப்போது திருமுக்கூடலுக்கு வருவோம். காஞ்சிபுரம் - செங்கல்பட்டு ரோட்டில் பழையசீவரத்தில் இறங்கிப் பாலாற்றைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம்.

இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1069-ம் ஆண்டு வாக்கில் வெட்டியது. கோயிலோடு சேர்ந்து மாணவர் விடுதியும் ஆஸ்பத்திரியும் நடந்த விவரம் அதில் அப்படியே இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் பேர் 'வீரசோழன்'. படுக்கை 15. வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை வைத்தியம் செய்பவருக்கு 30 கலம் நெல். மருந்து கொண்டு வருகிறவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோரின் கூலி முதற்கொண்டு போட்டிருக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பேரும் இருக்கிறது.

"எங்களைப் போல் உண்டா!" என்கிற ஜம்பம் இல்லை. என்ன தருகிறோம், யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைப் போகிறவர் வருகிறவர் படிக்கும்படி வெட்டி வைத்தார்கள். எழுதியதை அழிக்க முடியாது. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்!

ஆஸ்பத்திரி போய்விட்டது. சோழ ராஜ்யமும் போய்விட்டது. 950 வருஷம் கழித்தும் அந்த ஆஸ்பத்திரி பேர் மட்டும் நிற்கிறது.

கடைக்காரர்களே, உங்களுக்குக் கல்வெட்டு வேண்டாம். பில் புத்தகம் போதும். கைத்தறியா, விசைத்தறியா? அசல் ஜரிகையா, போலி ஜரிகையா? எடை எவ்வளவு? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வாங்குகிறவர்களே, நீங்களும் அந்தப் பில்லைக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், பேசாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!