மருத்துவக் கருவிகளின் பழுதும் பரிசோதனையும்

ஓர் இயந்திரம் இயங்குகின்றது என்பதும், அஃது இயங்கவேண்டிய முறையில் இயங்குகின்றது என்பதும் ஒன்றல்ல. அரிசி ஆலையின் பொறியாயின், செப்பனிட்டவன் விசையைத் தட்டி உருளை சுழலக் கண்டால் அமையும். எஞ்சிய குறையை அரிசியே காட்டிக்கொடுத்துவிடும். நோயாளரோடு தொடர்புறுங் கருவியின் நிலை வேறு. அதன் குறை நோயாளரின் உடலிலேயே வெளிப்படும். வெளிப்படும் பொழுது காலங் கடந்திருக்கும். ஆதலின், வைத்தியசாலைகளிற் கருவியைச் செப்பனிடுதலும், செப்பனிட்ட கருவியைச் சோதித்து மீள ஏற்றலும் இருவேறு செயல்களாகக் கொள்ளப்படல் வேண்டும். இவற்றை ஒன்றென எண்ணியதால் நேர்ந்த கேடுகளுள், ஸ்பெயின் நாட்டின் சரகோசா நகரில் 1990 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் நிகழ்ந்தது நுணுகி ஆராயத்தக்கது.

அந்நகரத்துப் பல்கலைக்கழக வைத்தியசாலையிற் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென ஒரு நேர்கோட்டு ஆர்முடுக்கி இருந்தது. இலத்திரன்களை முடுக்கிக் கற்றையாக்கி, நோயுற்ற இடத்திற் பாய்ச்சுவது அதன் தொழில். கற்றையின் சத்தி கூடுந்தோறும் அஃது உடலினுள் ஆழமாகச் செல்லும். இரண்டு மில்லியன் இலத்திரன்வோற்றுக்கு ஒரு சதமமீற்றர் என்பது பருமட்டான கணக்கு. 7 மில்லியன் இலத்திரன்வோற்றுக் கற்றை மூன்றரைச் சதமமீற்றர் அளவில் ஓய்ந்துவிடும். 36 மில்லியன் இலத்திரன்வோற்றுக் கற்றையோ அதனினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆழஞ் செல்லும். தோலை அடுத்த கட்டிக்குச் சிறிய சத்தியும் உள்ளே புதைந்த கட்டிக்குப் பெரிய சத்தியும் தெரிந்தெடுக்கப்படுவது இதனாலேயாம்.

முடுக்கப்பட்ட இலத்திரன்கள் வெளிவருமுன் ஒரு மின்காந்தத்தால் வளைக்கப்படுகின்றன. காந்தத்தில் ஓடும் மின்னோட்டத்துக்குப் பொருந்திய சத்தியுடையனவே அவ்வளைவைத் தாண்டும். ஏனையவை வழியிலேயே மோதி ஒழியும். எனவே அக்காந்தத்தை ஓர் அரிதட்டு எனலாம்.

திசெம்பர் 5 ஆம் நாள் அப்பொறி பழுதுற்றது. ஒரு திரான்சிற்றரிலே குறுஞ்சுற்று ஏற்பட்டு, காந்தத்தின் மின்னோட்டம் எப்பொழுதும் உச்ச அளவிலேயே நின்றுவிட்டது. இப்பொழுது அரிதட்டு உச்ச சத்தியுடைய இலத்திரன்களையன்றி வேறெவற்றையும் விடாது. சிறிய சத்தியைத் தெரிந்தெடுத்தபோது கற்றை வெளிவராமையின் காரணம் இதுவே. செப்பனிட வந்த தொழினுட்பர் இக்காரணத்தைத் தேடிக் கண்டாரல்லர். கற்றை வெளிவரும்வரை சத்தியைக் கூட்டிக் கூட்டிச் சரிசெய்தார். கற்றை வந்தது; வேலை முடிந்தது. உண்மையில் நடந்தது யாதெனில், எந்தச் சத்தியைத் தெரிந்தெடுத்தாலும் ஏறத்தாழ 36 மில்லியன் இலத்திரன்வோற்றுக் கற்றையே வெளிவரும் நிலை உண்டானமையே. பழுது நீங்கவில்லை; அதன் அறிகுறி மட்டும் நீங்கியது.

10 ஆம் நாள் நோயாளருக்குச் சிகிச்சை மீண்டுந் தொடங்கிற்று. வைத்தியசாலையின் பௌதிகவியலாளருக்குப் பொறி செப்பனிடப்பட்ட செய்தி முறைப்படி அறிவிக்கப்படவில்லை. அவர்கள் கற்றையை அளந்து பார்க்கவும் இல்லை. கற்றையைப் பரப்புங் காந்தங்கள் தெரிந்தெடுத்த சிறிய சத்திக்கே ஏற்பச் செயற்பட்டமையால், வலிய கற்றை உரிய அளவு விரியாது நடுவிற் குவிந்தது. ஆகவே ஆழம் மட்டுமன்றி அளவும் பன்மடங்காயிற்று. தெரிந்தெடுத்த சத்தி எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குக் கேடு பெரிதாயிற்று.

ஈண்டு உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த அளவுமானி உண்மையையே உரைத்துக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதன் முள் 36 இலேயே நின்றது. இதனைக் கண்ட பணியாளர், முள் இறுகிவிட்டது போலும் என்றும், பொத்தான் காட்டுவதே சரியென்றும் கொண்டனர். செப்பனிட்டவர் கைவிட்டுச் சென்ற பொறி நலமுடையது என்ற நம்பிக்கை முன்னமே மனத்திற் குடிகொண்டுவிட்டபடியால், ஐயம் அளவுமானியின்மேற் சென்றது. நோயாளரின் தோலிற் கருகல்கள் தோன்றி, 20 ஆம் நாள் பொறி நிறுத்தப்படும்வரை 27 பேர் சிகிச்சை பெற்றுவிட்டனர். அவர்களுட் பலர் அக்கதிரினாலேயே உயிரிழந்தனர்.

தொழினுட்பர் ஒருவரின் பிழையென்று இதனை ஒதுக்கிவிடல் எளிது. ஆயின், மின்னோட்டத்தைச் சரிசெய்வார் எவரும் ஒருநாட் பிழைசெய்யவே கூடும். அப்பிழை நோயாளரை எட்டாதவாறு இடையிலே ஒரு வாயில் வேண்டும். பழுதுற்ற பொறியை ஒருவர் எழுத்திற் கையளிக்க, செப்பனிட்டவர் தாம் தொட்டவற்றையெல்லாம் எழுதித் திருப்பித்தர, செப்பனிடாத வேறொருவர் அளந்து பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே அது சிகிச்சைக்கூடத்துக்குச் செல்லலாம் என்பதே அவ்வாயில். ஓர் அளவீட்டுக்குச் செல்லும் நேரம் அதிகமன்று. காத்திருக்கும் நோயாளர் வரிசையே அந்நேரத்தைப் பறித்துவிடுகின்றது.

செப்பனிட வந்தவர்களாற் பழுதைக் காணவே முடியாதாயின் என்செய்வது? 1985 முதல் 1987 வரை, தெராக்-25 என்னுங் கதிர்ச்சிகிச்சைப் பொறியால் அமெரிக்காவிலுங் கனடாவிலும் ஆறு நோயாளர் மிகைக்கதிருக்கு ஆளாயினர். தெக்சாசு மாநிலத்தின் தைலர் நகரில், 1986 மார்ச் 21 இல் ஒருவர் தாக்குண்டபின் பொறியை ஆராய்ந்த பொறியியலாளர் பழுதை மீள உண்டாக்க இயலாமையால், ஏப்பிரில் 7 இல் அது மீண்டும் பணிக்கு வந்தது. நான்கு நாட்களின்பின் மற்றொருவர் தாக்குண்டார். அதன்பின்பு அவ்வைத்தியசாலையின் பௌதிகவியலாளர், பொறியை இயக்கியவரையே அருகில் இருத்தி அவர் செய்தவாறே திரும்பத்திரும்பச் செய்வித்தார். விவரங்களை விரைவாகத் திருத்தித் தட்டெழுதும்போது மட்டுமே கணினி நிரலின் குறை வெளிப்பட்டது. மெல்லத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அஃது எவ்வாறு தோன்றும்? பழுதைக் கண்டவரின் கூற்றைக் கேளாது பொறியை மட்டும் ஆராய்தல் அரைச் சோதனையே.

எல்லாக் கருவிகளும் இத்துணைச் சிக்கலானவை அல்ல. இதயத்துடிப்பைக் காட்டுந் திரை, மருந்தை ஊட்டும் பம்பி முதலியனவற்றில் முதலில் அஞ்சத்தக்கது மின்கசிவு. உறையைக் கழற்றிப் பூட்டியபோது புவித்தொடுப்புக் கம்பி ஒன்று தளர்ந்துவிட்டாலும் கருவி முன்போலவே இயங்கும். கண்ணுக்கு ஒன்றுந் தெரியாது. மின்சாதனங்களுக்கான சர்வதேச நியமங்கள், சாதாரண நிலையில் நோயாளரின் உடலூடு செல்லத்தக்க கசிவை 100 மைக்குரோ அம்பியர் என வரையறுத்து, இதயத்தோடு நேரே தொடர்புறுங் கருவிகளுக்கு அதனைப் பத்தாகக் குறைத்தன. தோலின் தடை காப்பாக நில்லாத இடத்தில் அற்ப மின்னோட்டமும் இதயத்தின் ஒழுங்கைக் குலைக்கவல்லது என்பதே காரணம். செப்பனிட்டபின் செய்யவேண்டிய இத்தகைய சோதனைகளுக்கெனவே ஐ.ஈ.சீ. 62353 என்னும் நியமம் 2007 இல் வெளியாயிற்று.

தொடக்கத்திற் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. பழுதுற்ற கருவியிற் கட்டப்படுஞ் சீட்டில் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுதல் பயனற்றது. எந்நேரத்தில், எவ்வளவிற்கு வைத்திருந்தபோது, திரையில் என்ன தோன்றிற்று என்பன எழுதப்படல் வேண்டும். நோயாளருக்குத் தீங்கு நேர்ந்திருப்பின், அவரை அகற்றியபின் கருவியின் குமிழ்களைத் திருப்பாமலும், குழாய்களைக் கழற்றாமலும், இருந்தபடியே ஒதுக்கிவைத்தல் தகும். தீங்கேதுமின்றிப் பழுதுற்றதாயின், செப்பனிடுவார் கைக்குச் செல்லுமுன் குருதி முதலியன நீங்கத் தூய்மை செய்யப்படல் வேண்டும். செய்தவர் பெயரும் அச்சீட்டிலேயே இருத்தல் நன்று.