உரியாவுக்காக யார் பேசுவது?

கண்டக்குழிக் கிராமம் இருக்கும், புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பம் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மீனவப் பூமி. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் பல திசைச் சனங்கள் இங்கே திரளும். 1990இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம் குடும்பங்கள் வந்து ஒதுங்கியதும் இந்தப் பக்கம்தான். இங்கே சுவிசேஷ சபையாராகிய நாம் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. 2012 கணக்கெடுப்பில் கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர் எல்லோரையும் சேர்த்தாலே நாட்டில் 1.4 சதவீதம். இவ்வளவு சிறிய கூட்டம் அரசியலில் என்ன செய்வது?

"ஜெபித்தால் போதும்" என்பது சபைகளில் பழகிய பதில். ஆனால் 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவந்தபோது, ஜெபித்தவர்களே உயர் நீதிமன்றப் படியும் ஏறினார்கள். அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது நீதிமன்றம், சட்டமூலம் நிறைவேறவில்லை. வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கோரும் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி ஜெபக்கூடங்களை மூடச் சொன்னபோதும் சட்டத்தையே துணைக்கு அழைத்தார்கள். அதில் தவறில்லை. உரோமக் குடியுரிமையைச் சொல்லி இராயனிடம் முறையிட்டவர்தானே பவுல்!

ஆனால் தனக்காக முறையிட்ட பவுலோடு நின்றுவிட வேதம் நம்மை விடவில்லை. உரியாவைக் கொல்வித்த தாவீது அரசனின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்ன தீர்க்கதரிசி நாத்தான், கொல்லப்பட்ட அந்த உரியாவுக்காகப் போனார். உரியா ஏத்தியன், வேற்றினத்தான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஓய்வுநாள் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அதற்கு நீதி கேட்கிறோம், கேட்கவே வேண்டும். சரியாக 22 நாள் கழித்து, அதற்குப் பழியென்று முஸ்லிம்கள்மீது எழுந்த வன்முறையில், இதே புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் கும்பலொன்று முஸ்லிம் தச்சர் ஒருவரை வெட்டிக் கொன்றது. நம்மில் எத்தனை பேர் அவருக்காக ஜெபித்தோம்? எத்தனை பேர் வாய் திறந்தோம்? நம் அரசியலுக்கு உரைகல் இந்தக் கேள்விதான்.

தேர்தல் காலத்தில் வேட்பாளரின் தலையில் கைவைத்து ஜெபிக்கும் போதகர், அவர் வென்றபின் நாத்தானாகப் போய் நிற்க முடியுமா? சபைக்குக் காணி வாங்கிக்கொண்டு விசுவாசிகளின் வாக்கை ஒப்படைத்தால், வாயும் அதோடு போய்விடும். பிரசங்க பீடத்தில் கட்சிப்பெயர் வேண்டாம். விசுவாசிகள் மீனவர் சங்கத்திலும் பிரதேச சபையிலும் உழைக்கட்டும். எரிபொருள் விலை கத்தோலிக்க மீனவரின் கழுத்தை நெரித்தால் அவரோடு நிற்கட்டும். முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று எவராவது சொன்னால், முதலில் மறுக்கிற குரல் நம்முடையதாக இருக்கட்டும்.

நாளை நம் ஜெபக்கூடத்துக்கு அனுமதி கேட்டுப் போகும்போது அந்தக் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் நம்மோடு வருவார்களா? வராமலும் போகலாம். உரியாவால் நாத்தானுக்குக் கைம்மாறு செய்ய முடியவில்லை. நாத்தான் அதை எதிர்பார்த்துப் போகவுமில்லை.