வேதக்காரர் வீட்டில் ஈமானும் அமலும்

வன்னியில் கிறிஸ்தவர்களைப் பற்றி எங்கட ஆட்கள் அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு. "அவைக்கென்ன, ஈஸா நபி தங்களுக்காகச் செத்தார் எண்டு நம்பினால் காணும். பிறகு என்ன பாவம் செய்தாலும் சொர்க்கம்தான்." பயானிலும் கேட்டிருக்கிறேன், தேநீர்க் கடையிலும் கேட்டிருக்கிறேன். வவுனியாவில் உயர்தர வகுப்புக்கு இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்கிற எனக்கு மாணவர்களும் விடைத்தாளில் இதையே எழுதித் தருகிறார்கள். கிறிஸ்தவ நாகரிகம் படிக்கிற பக்கத்து வகுப்புப் பிள்ளை எங்களைப் பற்றி எழுதினால் அதுவும் இதே தரத்தில்தான் இருக்கும்: "முஸ்லிம்கள் தொழுகையையும் நோன்பையும் எண்ணிக் கணக்குப் பார்த்துச் சொர்க்கத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள்."

இரண்டுமே பிழை. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரே பஸ்ஸில் போய்வருகிற இரண்டு சமூகங்கள் ஒன்றையொன்று இப்படி விளங்கி வைத்திருப்பது நல்லதல்ல. ஆகவே, விசுவாசம், நற்செயல், மீட்பு என்ற மூன்றையும் கிறிஸ்தவர்கள் எப்படித் தொடுக்கிறார்கள் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளங்கும் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு பொருள், இரண்டு அகராதி

வன்னியில் பழைய ஆட்கள் கத்தோலிக்கரை வேதக்காரர் என்றுதான் சொல்வார்கள். அல்குர்ஆன் சொல்லும் அஹ்லுல் கிதாப் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. ஆனால் வேதக்காரர் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிப்பதில்லை. கத்தோலிக்கர் "மீட்பு" என்பதை மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் "இரட்சிப்பு" என்பார்கள். முன்னவருக்கு "அருள்", பின்னவருக்குக் "கிருபை". முன்னவருக்குச் "செயல்", பின்னவருக்குக் "கிரியை". எங்கள் மொழியில் நஜாத், ரஹ்மத், அமல் என்று வைத்துக்கொள்ளலாம். அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும் வாசலைத் திறக்க இது போதும்.

ஒரே இப்றாஹீம், இரண்டு தருணங்கள்

இந்த வழக்கின் வேர் புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய கடிதங்களில், மனிதன் இறைவன் முன்னால் நீதிமானாவது விசுவாசத்தினால், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் அல்ல என்கிறார். யாக்கோபு தன் கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில், செயலில்லாத விசுவாசம் செத்தது என்கிறார். நேருக்கு நேர் மோதுவது போலத் தெரிகிறதல்லவா?

ஆச்சரியம் என்னவென்றால், இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளைத்தான்: எங்கள் இப்றாஹீம் நபி (அலை). பவுல் எடுப்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்து இப்றாஹீமை. அங்கே அவர் இறைவனின் வாக்கை நம்புகிறார். அந்த நம்பிக்கை அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அவர் கத்னா செய்துகொள்வது 17ஆம் அதிகாரத்தில்தான். ஆகவே கத்னாவுக்கு முன்பே அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டார் என்பது பவுலின் வாதம். யாக்கோபு எடுப்பதோ 22ஆம் அதிகாரத்தில் மகனைப் பலியிடத் துணிந்த இப்றாஹீமை. மகன் இஸ்ஹாக்கா இஸ்மாயீலா என்பது வேறு விசயம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்கிற எங்களுக்கு அந்தத் தருணத்தைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

பவுலின் கேள்வியையும் அதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யூதரல்லாதவர் இயேசுவை ஏற்றால் கத்னா செய்து, மூஸா நபியின் சட்டம் முழுவதையும் சுமக்க வேண்டுமா என்பதே அன்றைய பிரச்சினை. வேண்டாம் என்றார் பவுல். அதற்காகப் பசித்தவனுக்குச் சோறு கொடுக்கத் தேவையில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் பெயரிலுள்ள எபேசியர் கடிதம், கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளுக்காகவே படைக்கப்பட்டீர்கள் என்றும் சொல்கிறது. யாக்கோபு பேசுவது வேறு ஆளோடு. உடுக்கத் துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானமாகப் போய் வா, வயிறாறச் சாப்பிடு என்று வாயால் வாழ்த்தி அனுப்புகிற ஆளோடு. ஷைத்தான்களும்தான் இறைவன் ஒருவன் என்று நம்பி நடுங்குகின்றன, அதனால் என்ன பலன் என்றும் கேட்கிறார். இப்லீஸின் கதை தெரிந்த எவருக்கும் இந்த வாதம் விளங்கும். இறைவனை அறியாததால் அவன் கெடவில்லை; பணியாததால் கெட்டான்.

ஜேர்மனியில் மூண்டது, மடுக் காட்டுக்கு வந்தது

1517இல் ஜேர்மனியின் விற்றன்பேர்க்கில் மார்ட்டின் லூதர் தொடங்கிய எதிர்ப்பு, பாவத் தண்டனையைக் குறைக்கும் என்று பணத்துக்குக் கொடுக்கப்பட்ட சீட்டுகளுக்கு எதிரானது. எவ்வளவு செய்தாலும் போதுமா என்று தெரியாமல் துடித்த துறவி அவர். விசுவாசத்தினால் மட்டுமே என்ற பதில் அவருக்கு விடுதலையாக இருந்தது. 1522இல் புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழியில் வெளியிட்டபோது, ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத "மட்டும்" என்ற சொல்லையும் சேர்த்தார். புதிய ஏற்பாட்டில் "விசுவாசத்தினால் மட்டும்" என்று வரும் ஒரேயிடம் யாக்கோபு 2:24. அங்கே அது "அல்ல" என்று முடிகிறது!

ஆனாலும் லூதர் அமலைத் தூக்கி எறியவில்லை. 1520இல் நற்செயல்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும். கனியினால் மரம் நல்லதாவதில்லை என்பது அவர் வாதம். கத்தோலிக்கத் தரப்பு 1547இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில் பதில் சொன்னது. அந்தப் பதிலின் முதலாவது விதியே, அருளில்லாமல் தன் செயல்களால் மட்டும் மனிதன் இறைவனுக்கு ஏற்றவனாகலாம் என்பவனைக் கண்டிக்கிறது. தொடக்கம் அருள்தான், ஆனால் அருளோடு மனிதன் ஒத்துழைக்க வேண்டும், அப்படிச் செய்யும் நற்செயலால் அவன் வளர்கிறான், பெரும்பாவத்தால் அந்த நிலையை இழக்கவும் கூடும் என்பது அவர்கள் நிலை.

இந்தப் பிளவு எங்கள் மண்ணுக்கும் வந்தது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்துச் சீர்திருத்த சபையினர். போர்த்துக்கேயர் மீதிருந்த அரசியல் பயமும் சேர, கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து கோயில்களை எடுத்துக்கொண்டார்கள். 1670 அளவில் மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குப் போனார்கள். இன்றைய மடுத் திருப்பதியின் தொடக்கம் அதுதான். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சுரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று 1990 ஒக்டோபரைக் கண்ட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றும் மடுவுக்கு நேர்த்தி வைத்து நடந்து போகிற கத்தோலிக்கரைப் பார்த்து, நேர்த்தியால் இரட்சிப்பு வராது என்று பெந்தெகொஸ்தேக்காரர் சொல்வார். கத்தோலிக்கரோ, நேர்த்தி விலையல்ல, நன்றி என்பார். தர்ஹா, நேர்ச்சை என்று எங்கள் ஊர்களில் நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டவர்களுக்கு இதன் தொனி பழகியதுதான்.

மேலிடத்தில் வழக்கு ஓரளவு தீர்ந்துவிட்டது. 1999 ஒக்டோபர் 31இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலக சம்மேளனமும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டன. எங்கள் தகுதியால் அல்ல, இறையருளாலேயே ஏற்கப்படுகிறோம். அந்த அருளே எங்களை நற்செயலுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஒன்றியமும் அதில் சேர்ந்தார்கள். எல்லா வேறுபாடும் மறைந்துவிடவில்லை. ஆனால் அமல் தேவையில்லை என்று இவர்களில் எந்தத் தரப்பும் சொல்லவில்லை. வேர் எது, கனி எது என்பதே அவர்கள் வழக்கு.

எங்கள் வீட்டிலும் இதே வழக்கு

பெரும்பாவம் செய்தவன் ஈமானை இழந்துவிட்டான் என்றார்கள் கவாரிஜ்கள். ஈமான் இருந்தால் பாவம் கெடுக்காது என்ற அளவுக்குப் போனார்கள் முர்ஜிஆக்களில் சிலர். ஹிஜ்ரி 150இல் மறைந்த இமாம் அபூஹனீபா (ரஹ்), ஈமான் என்பது உள்ளத்தால் ஏற்று நாவால் மொழிவது, அமல் அதன் பகுதியல்ல என்றார். அமலின் கடமையை அவர் குறைக்கவில்லை. எங்கள் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களோ, ஈமான் சொல்லும் செயலும் சேர்ந்தது, கூடும் குறையும் என்றார்கள். அல்குர்ஆன் ஈமானையும் ஸாலிஹான அமல்களையும் திரும்பத் திரும்ப இணைத்தே சொல்கிறது. அதே நேரம், எவருடைய அமலும் அவரைச் சுவனத்தில் நுழைவிக்காது, அல்லாஹ்வின் ரஹ்மத் சூழ்ந்தாலன்றி நானும் அப்படித்தான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை புகாரியும் முஸ்லிமும் பதிந்திருக்கிறார்கள். ஆக, சுவனத்தை அமலால் விலைக்கு வாங்குவது எங்கள் அகீதாவும் அல்ல.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது அமலில் இல்லை. மனிதகுலத்தின் பாவத்தை இயேசுவின் சிலுவை மரணம் சுமந்தது, அருள் அந்த வழியாகவே வருகிறது என்பது கிறிஸ்தவர்களின் அடிப்படை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார், ஆதம் நபி (அலை) அவர்களின் தவ்பா அங்கேயே ஏற்கப்பட்டது, அடியான் நேரடியாக ரப்பிடம் திரும்பலாம் என்பது எங்கள் அடிப்படை. இதை மழுப்பத் தேவையில்லை. கருத்து வேறுபடுவதென்றால் இந்த இடத்தில் வேறுபடுவோம். அவர்கள் சொல்லாததை அவர்கள் தலையில் ஏற்றி, அதை மறுத்துவிட்டு வென்றோம் என்று எண்ணுவது ஆய்வும் அல்ல, தஃவாவும் அல்ல.

2009இல் இந்த மண்ணே ஒரு பரீட்சை மண்டபமாகியது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், கடைசி வரை சனங்களோடு வன்னியிலேயே நின்றார். மே 18இல் சரணடைந்தவர்களோடு போனவர் இன்றுவரை திரும்பவில்லை. அந்தச் செயல் அவருக்கு மீட்பை வாங்கித் தந்ததா என்று கேட்டால் கத்தோலிக்கரும் இல்லை என்பார், புரட்டஸ்தாந்தினரும் இல்லை என்பார். அவர் விசுவாசம் உயிருள்ளதா என்று கேட்டால் இருவரும் அந்தச் செயலைத்தான் காட்டுவார்கள். அவருடைய மறுமைக் கணக்கு அல்லாஹ்விடம். ஆனால் நம்பினால் காணும், பிறகு என்னவும் செய்யலாம் என்று நினைக்கிற ஒரு மனிதர் அங்கே நின்றிருக்க மாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெளிவு.

அதே ஆண்டு வவுனியா முகாம்களில் 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். யாக்கோபு சொன்ன துணியும் சாப்பாடும் இல்லாத சகோதரன் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவனுக்கு நீ என்ன கொடுத்தாய் என்ற கேள்வி வேதக்காரருக்கு மட்டும் உரியதல்ல. மாஊன் சூறாவை ஓதித் தொழுகிற எங்களுக்கும் அதே கேள்விதான்.