குமிழுக்குள் ஒரு மைக்ரோஃபோன்

“எலெக்ட்ரிக் கிட்டாரின் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வருகிறது. ஸ்ப்ரே அடித்தால் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சில கிட்டார்களில் உண்மை, சிலவற்றில் வெறும் செலவு. எது எது என்று தெரிய, குமிழுக்கு அடியில் பார்க்க வேண்டும்.

1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் வால்யூம் குமிழ், மீட்டும் கையின் சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தந்தியை மீட்டிய கையோடு குமிழைத் திருப்பி, வயலினில் வில் போடுவதுபோல ஒலியை மெல்ல எழுப்புகிறவர்கள் உண்டு. அதனால் அந்தக் குமிழுக்கு உழைப்பும் அதிகம், வியர்வையும் அதிகம். கீழே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், கிட்டார்க்காரர்களுக்கு ‘பாட்’. லாடம்போல வளைந்த கார்பன் பட்டை, முனைக்கு முனை 250 கிலோ ஓம் மின்தடை. அதன்மேல் உரசியபடி நகரும் உலோக விரல்தான் வைப்பர்.

அந்த விரல் பட்டையைத் தொடுகிறது என்று சொல்லிவிடுகிறோம். எவ்வளவு தொடுகிறது? வழவழப்பாகத் தெரியும் எந்தப் பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகள் சேரும்போது உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று முட்டுகின்றன. மீதி இடமெல்லாம் இடைவெளி. மொத்த மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகள் வழியாக முண்டியடித்துக்கொண்டு போகிறது. குமிழைத் திருகும் ஒவ்வொரு கணமும் பழைய புள்ளிகள் அறுந்து புதியவை பிறக்கின்றன. பாட் சுத்தமாக இருந்தால் ஒன்று அறுவதற்குள் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். காதுக்கு எதுவும் தெரியாது. இடையில் தூசியோ, தேய்ந்து உதிர்ந்த கார்பனோ, உலோகத்தின்மேல் களிம்போ வந்துவிட்டால், ஒரு நொடியின் சிறு துணுக்கில் ஒரு புள்ளிகூட மிஞ்சாது. சிக்னல் சட்டென்று அறுந்து, சட்டென்று திரும்புகிறது. அப்படிப்பட்ட திடீர் வெட்டில் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கித் தரும்போதுதான் அந்தக் கரகரப்பு.

சுவரில் இருக்கும் விளக்கு சுவிட்சிலும் களிம்பு ஏறத்தான் செய்கிறது. அங்கே 230 வோல்ட் அந்த மெல்லிய படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் தருவதோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. துளைக்க அதற்குத் தெம்பில்லை.

வரலாறு கொஞ்சம் போதும். தளர்ந்த தொடுகையின் மின்தடை சிறு அசைவுக்கும் மாறும் என்பதை வைத்து 1878இல் டேவிட் ஹியூஸ் மைக்ரோஃபோன் செய்து காட்டினார். எடிசனும் அதே காலத்தில் கார்பனைக் கொண்டு தொலைபேசிக்கான ஒலிவாங்கி செய்தார். பிறகு ஏறத்தாழ நூறாண்டு தொலைபேசிகள் கார்பன் துகள்களின் நெருக்கத்தால்தான் பேசின. தொடுகைப் புள்ளிகளின் இயற்பியலை ஸ்வீடனில் பிறந்த ராக்னர் ஹோல்ம் பின்னர் விரிவாக எழுதிவைத்தார். ஆக, தேய்ந்த பாட் என்பது யாரும் கேட்காமலே உருவான ஒரு கார்பன் மைக்ரோஃபோன். குரலுக்குப் பதில் நம் விரலின் திருகலை அது ஒலியாக்குகிறது.

இனி பழுது. பாட்டை அம்மி என்று வையுங்கள், வைப்பர் குழவி. அரைத்த துவையல் கல்லின் குழிகளில் காய்ந்துவிட்டால், அடுத்த முறை குழவி தத்தித் தத்திப் போகும். தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். ஆகவே முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, குமிழை முனைக்கு முனை இருபது முப்பது முறை திருகுங்கள். களிம்பு மட்டும் என்றால் பல நேரம் இதுவே போதும். போகாவிட்டால் தந்திகளைத் தளர்த்தி, மேல்தகட்டைக் கழற்றி, பாட்டின் கால்கள் வெளியே வரும் இடுக்கு வழியாக கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து மறுபடி திருகலாம். கிட்டாரின் வார்னிஷில் படாமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இங்கே வேண்டாம். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப்பசை புதுத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மிளகாய் அரைத்த அம்மியை எண்ணெய் ஊற்றிக் கழுவியதுபோல.

கல்லே மழுங்கிப்போனால் கொத்துகிறவரைக் கூப்பிடுவோம். கார்பன் பட்டையை அப்படிக் கொத்த முடியாது. குமிழின் ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கரகரத்தால் பட்டை அங்கே தேய்ந்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். எந்த டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் தேய்ந்த கார்பனை எந்தத் திரவமும் திரும்ப வளர்க்காது. பாட்டை மாற்றுங்கள். ‘பழைய கிட்டார்களின் நாதம்’ என்று கூடுதல் விலை சொல்லும் பாட்களை நான் நம்புவதில்லை. 250 கிலோ ஓமும் ஒலிக்கேற்ற ‘ஏ’ வகைப் பட்டையும் உறுதியான வைப்பரும் இருந்தால் போதும். எர்த் கம்பியைப் பாட்டின் முதுகில் பற்றவைக்கும்போது சால்டரிங் இரும்பை நீண்ட நேரம் அழுத்தாதீர்கள். புதுப் பாட் உள்ளேயே வெந்துவிடும்.

புதுப் பாட்டும் கரகரத்தால் கிட்டாரைச் சந்தேகிப்பதை நிறுத்துங்கள். பிக்கப்பிலிருந்து நேர்மின்னோட்டம் வராது. ஆனால் கிட்டாரை அடுத்துள்ள பெடலிலோ ஆம்ப்ளிஃபயரிலோ ஒரு மின்தேக்கி கசிந்தால், நேர்மின்னோட்டம் கேபிள் வழியே பின்னோக்கி வந்து பாட்டில் ஏறும். சுத்தமான பாட்கூட அப்போது சத்தம் போடும். பெடலைக் கழற்றிவிட்டு வேறொரு ஆம்ப்ளிஃபயரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அங்கே அமைதி என்றால், மாற்ற வேண்டியது அந்த மின்தேக்கியை.