ஷெல் கட்டளைகளுக்கு யூனிட் டெஸ்ட்: தோல்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்

ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கெல்லாம் யூனிட் டெஸ்ட் எழுதுவாங்களா என்று கேட்பவர்கள் உண்டு. பத்து வரிதானே, ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் நாம் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் ஒழுங்காக இருக்கும் நேரத்தில். ஷெல் நம்மைக் கவிழ்ப்பது ஏதாவது ஒன்று சரியில்லாத நேரத்தில்.

ஒரு கட்டளை நமக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கிறது: வழக்கமான வெளியீடு, பிழைச் செய்தி, முடியும்போது விட்டுச்செல்லும் எண். எண் 0 என்றால் வெற்றி. கிரெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பே இல்லை என்பது போன்ற கோளாறு என்றால் 2. "வெளியீடு காலியாக இருக்கா" என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட்டுக்கு 1க்கும் 2க்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணையும் பார்க்கணும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 2015 ஜனவரியில் தெரியவந்த ஒரு பிழை நல்ல பாடம். லினக்ஸில் ஸ்டீம் மென்பொருளைத் தொடங்கும் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளும். தன்னை அழைத்த பாதையில் கடைசிச் சாய்கோட்டிலிருந்து வெட்டிவிட்டு, மிச்சமுள்ள இடத்துக்கு சிடி செய்து, போக முடிந்தால் அந்த இடத்தின் பெயரை எடுத்துக்கொள்ளும். பின்னால் ஓரிடத்தில் அந்த வேரியபிளோடு ஒரு சாய்கோட்டையும் நட்சத்திரக் குறியையும் சேர்த்து ஆர்எம்முக்குக் கொடுத்தது. சிடி தோற்றால் வேரியபிள் காலி. மிஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது ரூட்டில் இருக்கும் எல்லாமே! புகார் செய்தவருக்குத் தன் கோப்புகளோடு, இணைத்திருந்த வெளி டிரைவில் வைத்திருந்த பேக்கப்பும் போயிற்று.

இதைப் பிடிக்கும் டெஸ்ட் பெரிய வேலை இல்லை.

முதலில், ஒரு தற்காலிக ஃபோல்டரில் ஆர்எம் என்ற பெயரிலேயே ஒரு போலிக் கட்டளை. அது எதையும் அழிக்காது, தனக்கு வந்ததை ஒரு கோப்பில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். அந்த ஃபோல்டரை பாத் வேரியபிளில் முதலாவதாகப் போட்டுவிட்டால் ஷெல் நம் போலியைத்தான் கூப்பிடும்.

அடுத்து, சிடியை வேண்டுமென்றே தோற்கடிக்கணும். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே போய், பாஷ் என்று தட்டி, வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால் போதும். பெயரில் சாய்கோடு இல்லாததால் எதுவும் வெட்டப்படாது; கோப்பையே ஃபோல்டர் என்று நினைத்து சிடி முட்டிக்கொள்ளும்.

கடைசியாக இரண்டு சோதனை: போலி ஆர்எம் அழைக்கப்படவே கூடாது, எண் 0 ஆக இருக்கக் கூடாது.

பிழையுள்ள வரிகளை இப்படி ஓட்டினால், போலியின் கோப்பில் ரூட்டின் முழுப் பட்டியலும் வந்து நிற்கும். நட்சத்திரத்தை விரிப்பது ஷெல், ஆர்எம் அல்ல. ரூட்டை அழிக்க மறுக்கும் ஆர்எம்மின் பாதுகாப்பு இங்கே உதவாததும் அதனால்தான். வேரியபிளின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டால், காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். டெஸ்ட்டும் பச்சையாகும்.

இதையெல்லாம் எழுத பேட்ஸ் என்ற கருவி வசதியானது. அதன் ரன் கட்டளை, எண்ணையும் வெளியீட்டையும் பிடித்து வைக்கும். இரண்டு இடத்தில் கவனம். ரன்னுக்குள் கட்டளை தோற்றாலும் டெஸ்ட் தானாகத் தோற்காது. எண்ணை நாம்தான் கேட்கணும். ரன்னுக்குப் பின்னால் பைப் போட்டால், இடது பக்கம் மட்டுமே ரன்னுக்குப் போகும். முழுவதையும் ஒரு ஃபங்ஷனில் வைத்துக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஸ்கிரிப்ட் ஆர்எம்மை முழுப் பாதையோடு அழைத்தால் போலி வேலைக்கு ஆகாது, நிஜம்தான் ஓடும். அதனால் அழிக்கும் ஸ்கிரிப்ட் எதையும் தூக்கி எறியக்கூடிய ஒரு கன்டெய்னருக்குள் வைத்தே சோதியுங்கள்.

எல்லா வரிக்கும் டெஸ்ட் எழுத நேரம் இருக்காது. அழிக்கிற, நகர்த்துகிற, மேலெழுதுகிற வரிகளுக்காவது, அதற்கு முந்தைய கட்டளை தோற்றால் என்ன ஆகும் என்று ஒரு டெஸ்ட் எழுதிவிடுங்கள்.