ஏழைப் படங்களின் பேய்கள்

பேய்க் கதை கேட்பதில் மனிதனுக்குள்ள ஆசை மிகவும் விசித்திரமானது. நன்றாகப் பயப்படவும் வேண்டும். பயந்த பிறகு, "நல்ல வேளை, இது நமக்கு நேரவில்லை" என்று பெருமூச்சு விடவும் வேண்டும். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்த பெருமை சினிமாவையே சேர்ந்தது.

பிரிட்டிஷ் பேய்ப் படம் என்றதும் டிராகுலாப் பிரபுவும், அந்த வேஷத்தில் கிறிஸ்டபர் லீயின் நெடிய உருவமும் நேயர்களின் நினைவுக்கு வரலாம். அந்தப் பிரமுகர்களைப் பற்றி நாம் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுடைய நிழலிலே, சொற்பப் பணத்தில் அவசரமாக எடுத்து முடிக்கப்பட்டு, பிறகு மறக்கப்பட்ட படங்கள் அநேகம் உண்டு. அவற்றில் சிலவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பயங்கரம் ஆவியுலகத்திலிருந்து வருவதாகவே அவை சொல்வதில்லை. பணமும் அந்தஸ்தும் உள்ளவன், அவை இல்லாதவனை ஏர் மாடுபோல் உபயோகித்துக்கொள்ளும் இடத்திலேதான் அது பிறக்கிறது.

அமெரிக்கப் படங்களின் வெள்ளத்தில் உள்நாட்டுப் படங்கள் மூழ்கிவிடாதிருக்க, 1927-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. விநியோகஸ்தர்களும் கொட்டகைக்காரர்களும் குறிப்பிட்ட ஒரு பங்கு பிரிட்டிஷ் படங்களை எடுத்துக்கொண்டே தீரவேண்டும் என்பது விதி. சட்டம் அளவைச் சொல்லிற்றே தவிர, தரத்தைச் சொல்லவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் என்ன செய்தன, தெரியுமா? அடிக்கு ஒரு பவுன் என்ற கணக்கில் மளமளவென்று படம் எடுக்கச் சொல்லி, சட்டத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டன! இவற்றுக்குக் 'கோட்டா' படங்கள் என்று ஏளனப் பெயர் உண்டாயிற்று.

அந்தச் சிக்கன யுகத்தில் திரைக்கு வந்தவர் டாட் ஸ்லாட்டர் என்ற பழைய நாடக மேடை நடிகர். 1935-ல் அவர் நடித்த 'மரியா மார்ட்டன்', உண்மையாக நடந்த ஒரு கொலையைப் பற்றியது. 1827-ல் ஸபோக் ஜில்லாவில், மரியா என்ற ஏழைப் பெண்ணை அவளுடைய காதலன் கார்டர் என்பவன் கொன்று, ஒரு தானியக் களஞ்சியத்தில் புதைத்துவிட்டான். மறு வருஷம் அவன் தூக்கிலிடப்பட்டான். நிஜமான கார்டர் ஒரு குடியானவரின் மகன்தான். ஆனால் நாடகமும், அதைத் தொடர்ந்து வந்த படமும் அவனைப் பெரிய மிராசுதாராக்கிவிட்டன. கொலையாளி யாராயிருக்க வேண்டும் என்பதைப் பற்றி, நாடகம் பார்த்த பாமர ஜனங்களுக்குத் திட்டமான அபிப்பிராயம் இருந்தது போலும்!

நான்கு வருஷங்கள் கழித்து, 1939-ல், வால்டர் ஸம்மர்ஸ் டைரக்ட் செய்த 'டார்க் ஐஸ் ஆப் லண்டன்' வெளிவந்தது. ஹங்கேரியில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ் பெற்ற பேலா லுகோஸி இதில் டாக்டர் ஆர்லாப் ஆக வருகிறார். இவர் இன்ஷூரன்ஸ் வியாபாரி. இன்ஷூர் செய்துகொண்டவர்கள் ஒவ்வொருவராகத் தேம்ஸ் நதியில் பிணமாக மிதக்கிறார்கள். பணம் இவருக்கு வந்து சேருகிறது. கொலைக்களம் எது? கண்ணில்லாத ஏழைகளைக் காப்பாற்றும் தர்ம விடுதி! அதை நடத்தும் பரம தயாளுவான கிழவரும் வேஷம் மாறிய இதே டாக்டர்தான். விடுதியில் உள்ள குருட்டு ராக்ஷஸன் ஒருவனே அவருடைய ஏவலாள். ரகசியம் தெரிந்த இன்னொரு குருடனின் காதையும் டாக்டர் செவிடாக்கி, பிறகு அவனைக் கொன்றும் விடுகிறார். தன் தோழன் மாண்ட செய்தி தெரிந்ததும் அந்த ராக்ஷஸன் எஜமானன் மேலேயே பாய்கிறான். தர்மப் பிரபு கடைசியில் தேம்ஸ் நதிச் சேற்றில் அமிழ்ந்து போகிறார். பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பார்க்கக் கூடாதென்று ஸென்ஸார்கள் அக்காலத்தில் கொடுத்து வந்த 'எச்' முத்திரை இந்தப் படத்துக்கும் விழுந்தது.

பணமில்லாத குறையை இந்தப் படக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கலாம். பெரும்பாலும் இருட்டைக் கொண்டும் புகையைக் கொண்டும்தான்! 1960-ல் வந்த 'ஸிட்டி ஆப் தி டெட்' கதை நடப்பது அமெரிக்காவிலுள்ள ஒரு கிராமத்தில். அந்தக் கிராமம் முழுவதையும் இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவுக்குள்ளேயே எழுப்பி, மூடுபனியை நிரப்பிவிட்டார்கள். ஸெட்டின் எல்லை கண்ணுக்குத் தெரிந்தால்தானே அது ஸெட் என்று தெரியும்!

ஹாமர் கம்பெனியார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜான் கில்லிங் டைரக்ட் செய்து 1966-ல் வெளிவந்த 'தி பிளேக் ஆப் தி ஸோம்பீஸ்', 'தி ரெப்டைல்' ஆகிய இரண்டு படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஸெட்டில் எடுக்கப்பட்டவை. அதே கிராமத்துத் தெரு. ஜாக்குலின் பியர்ஸ் என்ற நடிகையும் இரண்டிலும் உண்டு. ஆனால் கதைகளின் போக்கோ முற்றிலும் வேறு.

'ஸோம்பி' என்பது மந்திரத்தால் எழுப்பப்பட்டு, எஜமான் ஏவியதைச் செய்யும் பிணம். இந்த நம்பிக்கை வளர்ந்தது ஹெய்ட்டி நாட்டில். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் வாடிய பூமி அது. போராடி 1804-ல் சுதந்திரம் பெற்றது. செத்த பிறகும் வேலையிலிருந்து விடுதலை இல்லை என்பதைவிட, அடிமைக்கு வேறு பயங்கரம் என்ன இருக்கிறது? படத்தில், ஹெய்ட்டிக்குப் போய் இந்த வித்தையைக் கற்றுவந்த மிராசுதார் ஒருவர், இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் தமது வெள்ளீயச் சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார். உயிருள்ளவர்கள் அங்கே இறங்க அஞ்சுகிறார்கள். ஆகவே கிராமத்தாரைக் கொன்று, புதைகுழியிலிருந்து எழுப்பி, சவுக்கடியில் வேலை வாங்குகிறார். கூலி கேட்காத தொழிலாளிகள்! கடல் கடந்த நாடுகளில் கையாண்ட முறை, ஒரு நாள் சொந்த ஊர் ஏழைகளின் தலையிலும் வந்து விடியும் என்ற உண்மையை எந்தச் சரித்திராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இரண்டாவது படமான 'தி ரெப்டைல்' சொல்வதென்ன? ஒரு வெள்ளைக்காரப் பண்டிதரின் மகள் நாகமாக மாறி ஊராரைக் கடிக்கிறாள். காரணம், போர்னியோ தீவின் நாக வழிபாட்டுக்காரர்கள் இட்ட சாபம். அதாவது, தீமை கீழ்த்திசையிலிருந்து கப்பலேறி வந்துவிட்டதாம்! ஒரே தெருவில் நின்றுகொண்டு, ஒரு படம் மிராசுதாரின் மாளிகையைச் சுட்டிக் காட்டுகிறது. மற்றொன்று சமுத்திரத்துக்கு அப்பால் கையை நீட்டுகிறது. பின்னதைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. முன்னதைப் பார்த்தால் அப்படிச் சிரித்துவிட முடியவில்லை.

இந்த வரிசையில் சிகரம் என்று நாம் கருதுவது 1972-ல் கேரி ஷெர்மன் என்ற அமெரிக்க இளைஞர் லண்டனில் எடுத்த 'டெத் லைன்'. பூமிக்கடியில் ஓடும் ரயிலுக்காகச் சுரங்கம் வெட்டும்போது, 1892-ல் மண் சரிந்து ஆண்களும் பெண்களுமாகத் தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டுக்கொள்கிறார்கள். கம்பெனி திவாலாகிவிடுகிறது; அவர்களைத் தோண்டி எடுப்பார் இல்லை. இது கதைக்காகக் கற்பித்த விபத்து. அகப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தின்று, இருளிலேயே சந்ததி பெருக்கி வாழ்கிறார்கள். எண்பது வருஷங்களுக்குப் பின் எஞ்சியிருப்பவன் ஒருவன். அவனுடைய கர்ப்பிணி மனைவியும் இறந்துபோகிறாள். அவனுக்குத் தெரிந்த பாஷையெல்லாம், ரயில் கார்டு கூவும் "கதவுகள் ஜாக்கிரதை" என்ற ஒரே வாக்கியம்தான். அன்பைச் சொல்லவும் அதுவே, அழுவதற்கும் அதுவே. ஹ்யூ ஆர்ம்ஸ்ட்ராங் என்ற நடிகர் அந்தச் சில சொற்களில் நம் நெஞ்சைப் பிழிந்துவிடுகிறார்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. அந்த ஸ்டேஷனில் அதற்கு முன்பும் மனிதர்கள் மறைந்திருக்கிறார்கள். பட்டம் பெற்ற பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் மறைந்த பிறகுதான் போலீஸார் அக்கறையுடன் விசாரிக்கக் கிளம்புகிறார்கள்!

மேற்சொன்ன படங்களில் குறைகள் இல்லாமலில்லை. சில இடங்களில் நடிப்பு அபாரமாக மிஞ்சிப் போகிறது. ரத்தமும் வேண்டியதற்கு மேலேயே ஓடுகிறது. ஆகவே, பார்க்க விரும்பும் நேயர்கள் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பார்ப்பதே உத்தமம். ஆனால் படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, சுரங்கத்திலிருந்த அந்தப் பரிதாபப் பிராணியின் மேல் நமக்குப் பயம் இருப்பதில்லை. மண்ணை அகற்றினால் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்த்து, பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனானே ஒருவன், அவனை நினைத்தால்தான் உடம்பு நடுங்குகிறது. அவன் பேயல்ல, மனிதன்.