மூலக்கூறுகளின் ஓட்டத்தை எந்தக் கோப்பில் சேமிப்பது?

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு ஏன் சேர்க்கிறார்கள்? தண்ணீரில் பருத்தி இழை எதிர்மின்னூட்டம் கொள்கிறது. சாய மூலக்கூறுக்கும் அதே மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியம் அயனிகள் அந்தத் தள்ளலைத் தணிப்பதால் சாயம் இழையை நெருங்குகிறது. ஏறாமல் தங்கும் சாயமும் உப்பும் கழிவுநீரில் போகின்றன. நொய்யல் ஆற்றைக் கெடுத்த இந்தக் கழிவுக்காகத்தான் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

இழையைச் சாயம் எப்படி நெருங்குகிறது என்பதைக் கணினியில் அணு அணுவாக ஓட்டிப் பார்க்கலாம். அந்த முறைக்கு மூலக்கூறு இயக்கவியல் என்று பெயர். ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964-ல் அமெரிக்காவில் 864 ஆர்கான் அணுக்களை இப்படி ஓட்டி, இத்துறைக்கு அடித்தளம் இட்டார். பொங்கலூரிலிருந்து கல்லூரிக்குப் போய் வேதியியல் படிக்கும் மாணவர் இன்று இலவச மென்பொருளைக் கொண்டே லட்சம் அணுக்களை ஓட்டலாம். ஓட்டியதை எந்தக் கோப்பில் வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாயம், இழையின் செல்லுலோஸ், உப்பு, நீர் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் அணுக்கள். ஓட்டம் 100 நானோநொடி. ஒரு நேர அடிக்கு 2 ஃபெம்டோநொடி. மொத்தம் 5 கோடி அடிகள். 5,000 அடிக்கு ஒரு முறை அணுக்களின் இடத்தைப் பதிந்தால் 10,000 பதிவுகள் சேரும்.

பி.டி.பி. என்பது எழுத்துக் கோப்பு. புரதங்களின் வடிவங்களைச் சேர்க்க 1971-ல் தொடங்கிய தரவு வங்கியின் கோப்பு வடிவம் அது. துளையட்டைக் காலத்து 80 எழுத்து வரி. அணுவுக்கு ஒரு வரி. யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் ஒரு பதிவுக்கே 8 எம்.பி. ஆகும், முழு ஓட்டத்துக்கு 80 ஜி.பி. அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்தே இலக்கம் என்பதால் 99,999-ஐத் தாண்டினாலும் சிக்கல். 2014-ல் அந்த வங்கியே எம்.எம்.சி.ஐ.எஃப். வடிவத்துக்கு மாறிவிட்டது. எனவே தொடக்க நிலையைக் காட்ட பி.டி.பி. போதும்; ஓட்டத்தைச் சேமிக்க அது வேண்டாம்.

நேம்டி, சார்ம் மென்பொருள்கள் எழுதும் டி.சி.டி. இரும எண் கோப்பு. ஓர் எண்ணுக்கு 4 பைட். அணுவுக்கு மூன்று எண்கள். மொத்தம் 12 ஜி.பி. குரோமாக்ஸ் மென்பொருளின் எக்ஸ்.டி.சி. எண்களை 0.001 நானோமீட்டருக்கு முழுமையாக்கிச் சுருக்குவதால், ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு இடமே பிடிக்கும். வெப்பத்தில் அணுக்கள் அதைவிட அதிகம் ஆடுவதால் பெரும்பாலான ஆய்வுகளுக்கு இந்த நுட்பம் போதும். எக்ஸ்.டி.சி.யில் வேகமோ விசையோ இருக்காது. அவை வேண்டுமென்றால் டி.ஆர்.ஆர். கோப்பில் எழுத வேண்டும், அது பெரிதாகும்.

எக்ஸ்.டி.சி., டி.சி.டி. இரண்டிலும் அணுவின் பெயர் கிடையாது; வெறும் இடங்கள்தான். எந்த எண் ஆக்சிஜன், எது சோடியம், எது எதோடு பிணைந்தது என்பதெல்லாம் தனிக் கட்டமைப்புக் கோப்பில் இருக்கும். அது தொலைந்தால், சைஸும் லாட் எண்ணும் எழுதிய சீட்டு விழுந்துபோன கட்டிங் பண்டல் போலத்தான்: பீஸ்கள் இருக்கும், எதை எதோடு தைப்பதென்று தெரியாது. அலகிலும் கவனம் தேவை. குரோமாக்ஸ் நானோமீட்டரில் எழுதும், பி.டி.பி.யும் டி.சி.டி.யும் ஆங்ஸ்ட்ராமில் எழுதும். கவனிக்காவிட்டால் தூரங்கள் பத்து மடங்கு பிசகும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே 2014-ல் எச்5எம்டி வடிவம் முன்வைக்கப்பட்டது. இடம், வேகம், அலகு, ஓட்டியவர் விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கலாம். ஆனால் எல்லா மென்பொருளும் அதை நேராகப் படிப்பதில்லை.

ஆகவே மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: அன்றாட ஆய்வுக்கு எக்ஸ்.டி.சி. போதும். அதோடு கட்டமைப்புக் கோப்பு, உள்ளீட்டு அளவுகள், மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை ஒரே அடைவில் வையுங்கள். இன்னொரு வட்டில் ஒரு நகலும் எடுங்கள். உங்கள் முடிவை மற்றொருவர் சரிபார்க்க முடிந்தால்தான் அது அறிவியல்.